எல்லோருக்குமா, இல்லாதவருக்கு மட்டுமா?

"பக்கத்துக் காம்பராவுக்கு அஸ்வெசும வருது, எங்களுக்கு வரல. ரெண்டு வீட்டுலயும் ஒரே வேல, ஒரே சம்பளம். அப்புறம் என்னாங்க வித்தியாசம்?" 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்டதிலிருந்து ராகலை, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட் என்று எந்தப் பக்கம் போனாலும் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கிராம சேவகர் எழுதவில்லை என்பார் ஒருவர். கம்பியூட்டர் தள்ளிவிட்டது என்பார் இன்னொருவர். கட்சிக்காரர் வேலை என்பார் மூன்றாமவர். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஓர் அரசியல் எண்ணம் இருக்கிறது. அது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழைய எண்ணம். அதைத் தெரிந்துகொள்ளாமல் கிராம சேவகரோடு மட்டும் சண்டை போட்டுப் பயனில்லை. ஆகவே இந்த இதழில் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

தாராண்மைவாதி என்றால் தாராளமாகக் கொடுப்பவரா?

ஆங்கிலத்தில் 'லிபரல்' என்று சொல்வதைத் தமிழில் தாராண்மைவாதம் என்று எழுதுகிறார்கள். சொல்லைப் பார்த்துவிட்டு, கையைத் திறந்து தாராளமாகக் கொடுப்பவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தனிமனித சுதந்திரம், சட்டத்தின் ஆட்சி, சொந்தச் சொத்து, தடையில்லாத வியாபாரம் ஆகியவற்றை முதலில் வைப்பவர்கள் தாராண்மைவாதிகள். மனிதன் உழைத்துத் தன் காலில் நிற்க வேண்டும், அரசாங்கம் எல்லாவற்றிலும் தலையிடக் கூடாது என்பது அவர்களின் அடிப்படை. ஆனால் கீழே விழுந்தவனை அப்படியே விட்டுவிடவும் அவர்களுக்கு மனம் வராது. ஓட்டுப் போடும் நாட்டில் அப்படி விட்டுவிடவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர்களுடைய நலன்புரிக் கொள்கை நிற்கிறது.

நம் பாட்டன் பாட்டிமார் பறித்த தேயிலையைக் குடித்த இங்கிலாந்தையே பாருங்கள். 1908இல் அங்கே லிபரல் கட்சி ஆட்சியில் அஸ்குவித் பிரதமர், லொயிட் ஜோர்ஜ் நிதி அமைச்சர். வயோதிபர் ஓய்வூதியச் சட்டம் கொண்டு வந்தார்கள். 70 வயது தாண்டிய ஏழைகளுக்கு வாரம் 5 சிலிங் வரை, தபால் கந்தோரில். பெரிய காரியந்தான். ஆனால் எல்லாக் கிழவர் கிழவிகளுக்கும் அல்ல. வருமானம் எவ்வளவு என்று பார்த்தார்கள், நடத்தை எப்படி என்றும் பார்த்தார்கள். அடுத்து 1942இல் பெவரிஜ் என்பவர் ஓர் அறிக்கை எழுதினார். இவரும் லிபரல்காரர்தான். அவர் சொன்னது வேறு. எல்லோரும் கட்ட வேண்டும், நோய், வேலையின்மை, முதுமை வரும்போது எல்லோரும் பெற வேண்டும், ஒருவர் வீட்டுச் சட்டியைத் திறந்து பார்த்து அவர் ஏழையா என்று சோதிக்கும் அவமானம் கூடாது என்றார்.

ஆகவே தாராண்மைவாதம் என்ற ஒரே கூரையின் கீழ் இரண்டு காம்பரா இருக்கிறது. ஒன்றில் 'சோதித்துப் பார்த்து இல்லாதவருக்கு மட்டும் கொடு' என்பவர்கள். மற்றதில் 'பிரஜை என்பதால் எல்லோருக்கும் கொடு' என்பவர்கள். நமது நாடு முதலில் இரண்டாவது காம்பராவுக்குப் பக்கத்தில் இருந்து, பிறகு மெல்ல மெல்ல முதலாவதுக்குக் குடிபோன கதைதான் இலங்கையின் நலன்புரிக் கதை.

கூப்பன் அரிசியும் ஹர்த்தாலும்

1931இல் டொனமூர் அரசியல் யாப்பின்படி இலங்கையில் வயது வந்தோருக்கு வாக்குரிமை வந்தது. ஆசியாவில் இது மிகவும் முந்தியது. ஓட்டு வந்தால் ஓட்டுக் கேட்பவர் சும்மா வர முடியாது. அடுத்த பதினைந்து வருடத்துக்குள் கன்னங்கராவின் இலவசக் கல்வி (1945), அரசாங்க ஆஸ்பத்திரிகள், யுத்த காலத்தில் 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு எல்லாம் வந்தன. நம் வீட்டுப் பெரியவர்கள் 'கூப்பன் அரிசி' என்று சொல்வது அந்தப் பங்கீட்டைத்தான். கூப்பன் யாரிடமும் வருமானம் கேட்கவில்லை, வாயைத்தான் எண்ணியது. அதனால் லயத்துக்கும் வந்தது.

யுத்தம் முடிந்தது, கூப்பன் நின்றுவிடவில்லை. அரிசியை வெளிநாட்டில் கூடிய விலைக்கு வாங்கி உள்நாட்டில் குறைந்த விலைக்குக் கொடுத்ததால் திறைசேரிக்குப் பெரிய சுமை. 1953இல் டட்லி சேனநாயக்க பிரதமர், ஜே. ஆர். ஜயவர்தன நிதி அமைச்சர். ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் வெட்டப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால். துப்பாக்கிச் சூடு, சாவு. ஒக்டோபரில் டட்லி பதவியை விட்டுப் போனார்.

இதிலிருந்து நம் நாட்டு அரசியல்வாதிகள் படித்த பாடம் என்ன? 'மானியத்தை வெட்டக் கூடாது' என்று படிக்கவில்லை. 'எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டக் கூடாது' என்றுதான் படித்தார்கள் என்பது நமது கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

அதற்கு முன் நமக்கு மட்டும் உரிய ஒரு விஷயம். சுதந்திரம், சட்டம், பாராளுமன்றம் என்று தாராண்மை மொழியில் பேசிய அதே தலைவர்கள்தான் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், 1949இல் அதைத் தொடர்ந்த சட்டங்களையும் கொண்டு வந்தார்கள். 7 இலட்சத்துக்கும் அதிகமான மலையக மக்கள் நாடற்றவர்களானார்கள், ஓட்டும் போனது. செல்வநாயகமும் என். எம். பெரேராவும் எதிர்த்துப் பேசினார்கள். சட்டம் நிறைவேறியது. 1947 தேர்தலில் பாராளுமன்றத்துக்குப் போன தொண்டமான், மறுபடி மக்களால் தெரிவு செய்யப்பட்டது 1977இல். முப்பது வருட இடைவெளி. நாட்டின் நலன்புரித் திட்டங்கள் வளர்ந்த முப்பது வருடமும் அதுதான்.

ஓட்டு இல்லாதவன் வீட்டுக்கு யார் பள்ளிக்கூடம் கட்டுவார்? இலவசக் கல்வி 1945இல் வந்தது, தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தது, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க இருந்த தடை நீங்கும்படி அது திருத்தப்பட்டது 2018இல். ஒவ்வொன்றும் நமக்குப் பிந்தியே வந்திருக்கிறது. நியாயமாகச் சொல்வதானால் இது ஒரு கட்சியின் குற்றம் மட்டுமல்ல. பெரியவர்கள் இன்னும் நடுக்கத்தோடு சொல்லும் 1973, 74 பஞ்சம் இடதுசாரிகளும் சேர்ந்த அரசாங்கத்தின் காலத்தில் வந்தது. பங்கீட்டு மாவும் சீனியும் குறைந்தன, வேலை நாட்களும் குறைந்தன. 1974இல் தோட்டங்களில் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. கிராமத்தானுக்கு ஒரு துண்டு மரவள்ளித் தோட்டமாவது இருந்தது. லயத்தானுக்கு வாசற்படியைத் தாண்டினால் தோட்டத்து மண்.

1977க்குப் பிறகு

1977இல் ஜே. ஆர். ஜயவர்தன பெரும் வெற்றியோடு வந்தார். திறந்த பொருளாதாரம். 24 வருடத்துக்கு முன் 70 சத அரிசியைக் கொண்டு வந்த அதே மனிதர், இம்முறை வேறு விதமாகச் செய்தார். 1978 ஜனவரியில் பங்கீட்டை நிறுத்தவில்லை. மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்றார். நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் கழன்றுவிட்டார்கள். 1979 செப்டெம்பரில் மிச்சப் பாதிக்கும் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை கொடுத்தார். கூப்பன் என்பது இத்தனை கொத்து அரிசி. முத்திரை என்பது இத்தனை ரூபா. வித்தியாசம் சிறியதாகத் தெரியும். ஆனால் அரிசி விலை ஏறினாலும் கொத்து கொத்துத்தான், விலை ஏறினால் ரூபா பாதி ரூபா. முத்திரையின் தொகை அப்படியே நிற்க, சாமான் விலை ஏற, மூன்று வருடத்துக்குள் அதன் பெறுமதி ஏறக்குறைய அரைவாசியாகிவிட்டது. ஹர்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. வசதியான பாதிக்கு முத்திரை கிடையாது, ஆகவே அவர்களுக்கு அது பற்றிக் கவலையும் கிடையாது. பத்திரிகையில் எழுதக் கூடியவர்கள், பாராளுமன்றத்தில் கூச்சல் போடக் கூடியவர்கள் எல்லாம் அந்தப் பாதியில்தான் இருந்தார்கள்.

தாராண்மைவாதிகள் இதற்குச் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். முதலாவது, பணம் அளவானது, கார் வைத்திருப்பவருக்கும் மலிவு அரிசி கொடுப்பது அநியாயம், அந்தப் பணத்தை இல்லாதவருக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். இரண்டாவது, பொருளாகக் கொடுப்பதைவிடக் காசாகக் கொடுத்தால் எதை வாங்குவது என்று ஏழையே தீர்மானிக்கலாம், அரசாங்கம் அரிசிக் கடை நடத்தத் தேவையில்லை என்கிறார்கள். மூன்றாவது, மானியத்தில் போகும் பணத்தைத் தொழிலில் போட்டால் வேலை பெருகும் என்கிறார்கள். மூன்றும் யோசிக்க வேண்டிய பேச்சுத்தான். 1977க்குப் பிறகு மகாவலித் திட்டமும் தொழிற்சாலைகளும் வந்து பலருக்கு வேலை கிடைத்ததும் உண்மை. ஆனால் 'இல்லாதவருக்கு மட்டும்' என்று சொன்னவுடன் இன்னொரு கேள்வி எழுகிறது. இல்லாதவர் யார் என்று எதை வைத்து அளப்பது? தோட்டத்து மக்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

செக்ரோல் காட்டிக் கொடுக்கும்

ஒரு கிராமத்து விவசாயியின் மாத வருமானம் எவ்வளவு? அவருக்கே சரியாகத் தெரியாது. மரக்கறி விலை ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. படிவத்தில் அவர் சொல்வதுதான் எழுதப்படும். நம் ஆள் அப்படியா? பிரட்டுக்களத்தில் பேர் விழுவது முதல் மடுவத்தில் கொழுந்து நிறுப்பது வரை எல்லாம் செக்ரோலில் இருக்கிறது. அரைப்பேர் விழுந்தாலும் அதில் இருக்கிறது. மாதம் முடிந்தால் சம்பளத் துண்டு கையில். நாட்டிலேயே வருமானத்தை ஒளிக்க முடியாத ஏழை யாரென்றால் தோட்டத் தொழிலாளிதான். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, தோட்டத்து வீடு என்று எழுதினால் காகிதத்தில் நாம் ஒரு கிளார்க்கைப் போலத் தெரிவோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. கணவனும் மனைவியும் ஆளுக்கு 18 பேர் போட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்த்து 36,000 ரூபா. படிவத்தில் நல்ல தொகைதான். ஆனால் அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளும் வயதான ஆத்தாவும் இருந்தால் மொத்தம் ஆறு பேர். தலைக்கு 6,000 ரூபா. 2019ஆம் ஆண்டுக்கு அரசாங்கமே கணக்கிட்ட வறுமைக்கோடு தலைக்கு மாதம் 6,966 ரூபா. அதாவது இரண்டு பேர் உழைத்தும் அந்தக் குடும்பம் கோட்டுக்குக் கீழே. இதில் சேமலாப நிதி, சங்க சந்தா, தீபாவளி முற்பணம் இன்னும் கழிக்கவில்லை. 2022இல் விலைகள் ஏறிய ஏற்றத்தையும் சேர்க்கவில்லை.

இது நமது கற்பனைக் கணக்கு மட்டுமல்ல. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் எடுத்த கணக்கின்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் நகரத்தில் 100க்கு 6 பேர், கிராமத்தில் 15 பேர், தோட்டத்தில் 33.8 பேர். கிராமத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலே. இப்படியிருந்தும் 1995இல் சந்திரிகா அரசாங்கம் தொடங்கிய சமுர்த்தியில், கிராமங்களில் வீட்டுக்கு வீடு அட்டை இருந்த காலத்தில், தோட்டங்கள் பெரும்பாலும் வெளியே நின்றன. 'ஒங்களுக்குத்தான் சம்பளம் இருக்கே' என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சமுர்த்தியின் கோளாறு தோட்டத்தோடு முடியவில்லை. உலக வங்கியின் ஆய்வொன்று, நாட்டின் மிக வறிய ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் ஏறக்குறைய 40 வீதத்துக்கு அது போய்ச் சேரவில்லை என்றும், நடுத்தர, வசதியான வீடுகளுக்குப் பணத்தில் பெரும் பங்கு போனது என்றும் சொன்னது. இல்லாதவருக்கு மட்டும் என்று தொடங்கியது, ஆளைத் தெரிந்தவருக்கு மட்டும் என்று முடிந்தது.

அதற்கு முன்னால் பிரேமதாசவின் ஜனசவிய (1989) ஒன்றும் உண்டு. மாதம் 2,500 ரூபா, அதில் 1,458 ரூபா செலவுக்கு, மிச்சம் சேமிப்புக்கு, இரண்டு வருடத்துக்கு. பிறகு அந்தச் சேமிப்பை வைத்துச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது எண்ணம். அதுவும் படிப்படியாகப் பிரதேசம் பிரதேசமாகத்தான் கொடுக்கப்பட்டது.

கூடலூர்க்காரர்களுக்கு எப்படி?

1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன நம் சொந்தக்காரர்கள் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு ரேஷன் கார்டு இருக்கும். அங்கேயும் இதே வழக்கு நடந்தது. 1991இல் மன்மோகன் சிங் நிதி அமைச்சராக இருந்து பொருளாதாரத்தைத் திறந்தார். 1997இல் இந்திய மத்திய அரசு, ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரித்தது. பல மாநிலங்களில் கோட்டுக்கு மேலே தள்ளப்பட்ட ஏழைகள் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். தமிழ்நாடு மட்டும் 'எங்களுக்குக் கோடு வேண்டாம், அரிசி வாங்கும் எல்லோருக்கும் ஒரே கடை' என்று நின்றது. 2011 முதல் அந்த அரிசி இலவசம். அதற்குத் தமிழ்நாடு தன் கஜானாவிலிருந்து கூடுதலாகச் செலவழிக்கிறது. அது சும்மா வரவில்லை. ஆனால் அங்கே யாரும் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு 'நான் ஏழை' என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எல்லா வீட்டாரும் அதே கடைக்குப் போவதால், அரிசி புழுத்திருந்தால் ஆசிரியர் வீட்டம்மாவும் சேர்ந்துதான் சத்தம் போடுவார். ஏழைக்கு மட்டும் உள்ள கடையில் ஏழை மட்டுமே சத்தம் போட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பாதையில் போய் நல்ல பெயர் எடுத்த நாடும் உண்டு. பிரேசிலில் 2003இல் தொடங்கிய 'போல்சா பமிலியா' ஏழைக் குடும்பங்களுக்கு மட்டுந்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்பது நிபந்தனை. பணம் பெரும்பாலும் தாயின் பேரில் போகும். கோடு போட்டுக் கொடுத்தாலும் கோட்டை ஒழுங்காகப் போட்டுத் தேடித் தேடிச் சேர்த்தால் பயன் வரும் என்பதற்கு அது சாட்சி. ஆகவே நாம் ஒரு பக்கம் மட்டும் பேசவில்லை. கோடு போடுபவர் நம் காம்பரா வரை நடந்து வருகிறாரா என்பதுதான் நமது கேள்வி.

அஸ்வெசும

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நலன்புரி நன்மைகள் சட்டம் 2002இல், ரணில் விக்கிரமசிங்க பிரதமராக இருந்தபோது நிறைவேறியது. இருபது வருடம் ஏறக்குறைய அலுமாரியில் கிடந்தது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்து, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் கிடைத்தபோது, அவர் ஜனாதிபதி. அந்தச் சட்டத்தின் கீழ் அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. ஏறக்குறைய 37 இலட்சம் குடும்பங்கள் விண்ணப்பித்தன. இடம் இருந்தது 20 இலட்சத்துக்கு. மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நான்கு படிகள். கீழ்ப்படிகள் இரண்டும் குறுகிய காலத்துக்கு என்றே தொடங்கப்பட்டன. 2025 ஜனவரி முதல் 8,500 பெற்றவர்களுக்கு 10,000 ஆகவும், 15,000 பெற்றவர்களுக்கு 17,500 ஆகவும் கூட்டப்பட்டது.

இதில் ஆளைத் தெரிவு செய்வது சமுர்த்தி போல் அல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய 6 விடயங்களில் 22 அளவுகோல்கள் வைத்து, படிவத்தில் எழுதியதைக் கம்பியூட்டர் கணக்குப் போட்டு, எது மிகவும் வறிய குடும்பம் என்று வரிசைப்படுத்துகிறது. கட்சிக்காரர் கையை இதில் குறைத்தது நல்லது என்றே சொல்வோம். ஆனால் கம்பியூட்டருக்குக் கண் கிடையாது. படிவத்தில் இருப்பதுதான் அதற்குத் தெரியும். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு காம்பராவில் ஒன்றுக்கு வந்து ஒன்றுக்கு வராமல் போவது இப்படித்தான். ஒரு வீட்டில் நோயாளியைப் படிவத்தில் எழுதினார்கள், மற்ற வீட்டில் 'ஆஸ்பத்திரிக்குத்தானே போறாங்க' என்று விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் கல்யாணமான மகனின் குடும்பத்தைத் தனியாகப் பதிந்தார்கள், மற்ற வீட்டில் ஒரே காம்பரா என்பதால் ஒரே குடும்பமாக எழுதினார்கள். அப்போது நான்கு சம்பளம் ஒன்றாகக் கூடிவிட்டது. தடுத்துப் பிரித்த அறையில் இரண்டு அடுப்பு எரிவதை அளவுகோல் அறியாது. தோட்டத்து வீட்டுக்கு உறுதி இல்லை, தனி விலாசமும் இல்லை. ஒரு முழு டிவிசனுக்கும் ஒரே விலாசம், கடிதம் வருவது தோட்டத்து ஆபீசுக்கு. வந்த கடிதம் கைக்குக் கிடைப்பதற்குள் தவணை முடிந்துவிடுகிறது.

பட்டியல் வந்த சில வாரங்களில் நாடு முழுவதிலும் இருந்து 9 இலட்சத்துக்கும் அதிகமான முறையீடுகள் போயின. ஆகவே பேர் விடுபட்டது நமக்கு மட்டும் நடந்ததல்ல. முறையீடு செய்வது யாரையும் எதிர்ப்பதும் அல்ல. அது சட்டத்துக்குள்ளேயே உள்ள வழி. 'பெரிய எடத்து வேல, நமக்கேன்' என்று இருந்துவிடுபவர்களை நாம் நிறையப் பார்க்கிறோம். வருத்தமாக இருக்கிறது.

துரையிடம் கேட்பதும் அரசாங்கத்திடம் கேட்பதும்

தாராண்மைவாதிகளின் பக்கத்தில் நமக்கு மிகவும் பிடித்த நியாயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நூற்றைம்பது வருடமாகத் தோட்டத்தில் அரிசி, வீடு, மருந்து, பிள்ளை மடுவம் எல்லாம் துரை வழியாகத்தான் வந்தன. கொடுக்கும் கைதான் வேலை வாங்கும் கையும். வேலையை விட்டால் காம்பராவும் போகும். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனபோது, நலன்புரி வேலைகளுக்குத் தனியாக ஒரு நிதியம் வைத்தது இந்தப் பின்னலைக் கொஞ்சம் அவிழ்ப்பதற்குத்தான். அஸ்வெசும இன்னும் ஒரு படி மேலே. அது பிரஜைக்கு நேராக வங்கிக்கு வருகிறது. தோட்டத்தில் பேர் போட்டாலும் போடாவிட்டாலும், கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் திரும்பி வந்தாலும், அது துரையின் தயவல்ல. 1948இல் பறித்த பிரஜாவுரிமை 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் திரும்பக் கிடைத்தது. அது அடையாள அட்டையிலும் வாக்குச் சீட்டிலும் மட்டும் இருந்தால் போதாது. இப்படியான ஒரு கொடுப்பனவில்தான் அது கைக்குத் தட்டுப்படுகிறது.

கணக்கு யார் பேரில் இருக்கிறது என்பதும் முக்கியம். மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கும் பழக்கம் பல தோட்டங்களில் இருந்ததை எல்லோரும் அறிவோம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி வீட்டுக்கு வராமல் வழியிலேயே நின்றுவிடுவதையும் அறிவோம். வீட்டுச் செலவைப் பார்ப்பவர் கையில் அந்தக் கணக்கு இருந்தால், பிள்ளையின் கொப்பிக்கும் பால் மாவுக்கும் கடன் சொல்ல வேண்டி வராது. அண்ணன்மார் கோபிக்க வேண்டாம்.

ஆனால் தோட்ட நிர்வாகங்கள் இதைச் சாட்டாக வைத்துத் தங்கள் கடமையிலிருந்து நழுவவும் விடக் கூடாது. கூரைத் தகரம் ஒழுகுவதற்கு அஸ்வெசும பதில் அல்ல. அதே போல், ரூபாவில் நிற்கும் கொடுப்பனவுக்கு 1979 முத்திரைக்கு வந்த வியாதி வரலாம். சாமான் விலை ஏறும்போது தொகையும் ஏறுகிறதா என்று சங்கங்களும் நம் பாராளுமன்ற உறுப்பினர்களும் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் கேட்க வேண்டும். நாள் சம்பளத்துக்குச் சத்தம் போடும் அளவுக்கு இதற்கு யாரும் சத்தம் போடுவதில்லை.

பேர் விடுபட்டவர்கள், அடுத்த முறை விண்ணப்பம் கோரும்போதோ முறையீட்டுக்குக் காலம் கொடுக்கும்போதோ தயாராக இருக்கச் சில வேலைகளை இப்போதே செய்து வைக்கலாம். ஒரே காம்பராவில் இருந்தாலும் தனி அடுப்பு வைத்திருக்கும் குடும்பம் தனிக் குடும்பமாகக் கிராம சேவகரிடம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர் என்று இருந்தால் அதைத் திருத்த நாள் எடுக்கும், ஆகவே அதை முதலில் செய்யுங்கள். நீண்டகால நோயாளி, மாற்றுத்திறனாளி, 70 வயது தாண்டியவர் வீட்டில் இருந்தால் கிளினிக் கொப்பியையும் வைத்தியத் துண்டுகளையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். இவர்களுக்குத் தனிக் கொடுப்பனவுகளும் இருக்கின்றன. படிவத்தை வேறொருவர் நிரப்பினாலும், கையெழுத்து வைக்கும் முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதி ஒன்றில் திகதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. நுவரெலியா மாவட்டத்தில் முன்பு 5 பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன, அவை பிரிக்கப்பட்டு 10 ஆகின. வலப்பனைப் பிரிவிலிருந்து நில்தண்டாஹின்ன தனியானது. பழைய ஞாபகத்தில் வலப்பனைக்குப் போய், 'நீங்க அங்க போகணும்' என்று திருப்பி அனுப்பப்பட்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் டிவிசன் எந்தச் செயலகத்துக்கு உரியது என்று கிராம சேவகரிடம் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். ஒரு நாள் பேரும் பஸ் காசும் மிச்சமாகும்.